செம்புத் தகட்டில் ஆன்டிக் ஃபினிஷ்: கறுப்பு உதிர்கிறது, பச்சை நிற்கவில்லை, பித்தளை கறுக்கவே மறுக்கிறது

செம்புத்தகடு (கேள்வி):

வணக்கம். 1 மி.மீ. செம்புத் தகட்டில் சுத்தியல் தட்டுப் போட்ட சுவர்ப் பேனல் ஒன்று, 2 அடிக்கு 3 அடி. அதே வாசலுக்கு வார்ப்புப் பித்தளைக் கைப்பிடிகள் நான்கு. பேனலில் பள்ளமெல்லாம் கறுத்து, மேடுகள் மட்டும் செம்பாகத் தெரிய வேண்டும். கீழ்ப்பகுதியில் களிம்பு ஏறினாற்போல் பச்சையும் நீலமும் படர வேண்டும். கைப்பிடிகள் அடர் பழுப்போ கறுப்போ ஆனால் போதும்.

செய்த முறை இது: தகட்டை பாலிஷ் போட்டு, தின்னரில் துடைத்து, ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரில் 40 கிராம் லிவர் ஆஃப் சல்ஃபர் (செம்பைக் கறுக்க வைக்கும் கந்தக மருந்து) கரைத்துப் பிரஷ்ஷால் பூசினேன். உடனே கன்னங்கரேல் என்று ஆகிவிடுகிறது. ஆனால் காய்ந்த பின் துணியால் தேய்த்தால் கரி மாதிரி கையோடு வருகிறது. சில இடங்களில் திட்டுத் திட்டாகப் பிடிக்கவே இல்லை. பச்சைக்கு உப்பும் வினிகரும் தெளித்தேன். நிறம் வருகிறது, தொட்டால் மாவாக உதிர்கிறது. அதன் மேல் 2கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் நிறமற்ற லேக்கர்) அடித்தால் பச்சை மறைந்து ஈரம் பட்டது போல் இருண்டுவிடுகிறது. பித்தளையோ லேசாக மஞ்சள் பழுப்பு ஆவதோடு நின்றுவிடுகிறது.

எந்த இடத்தில் தவறு? பெயின்ட் அடித்து ‘ஆன்டிக்’ காட்டும் வழி வேண்டாம். உலோகத்திலேயே நிறம் ஏற வேண்டும்.

பட்டறைவாசி:

திட்டுத் திட்டாகப் பிடிப்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மருந்தின் மேல் பழி இல்லை, தகடு சுத்தமாகவில்லை. பாலிஷ் போடும் பஃபிங் சோப்பில் மெழுகும் கொழுப்பும் இருக்கின்றன. தின்னர் அதைக் கரைத்து மெல்லிய படலமாகத் தகடு முழுவதும் பரப்பிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, மருந்துக்குத் தெரியும்.

தின்னருக்குப் பிறகு சலவைச் சோடா லிட்டருக்கு 50 கிராம் போட்டு, 60 முதல் 70 டிகிரி சூட்டில் ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அலசியதும் தகட்டை நிமிர்த்திப் பிடித்து மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உடையாமல் ஒரே தாளாக முப்பது விநாடி நின்றால் சுத்தம். எங்காவது விலகி ஓடினாலோ முத்து முத்தாகத் திரண்டாலோ அங்கே எண்ணெய் இருக்கிறது. நீங்கள் சொல்லும் திட்டுகளின் வடிவமும் இந்தத் தண்ணீர் விலகும் வடிவமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும்.

அடுத்தது பழைய ஆக்சைடு. சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில், 15 நிமிடம். பட்டறையில் சல்ஃப்யூரிக் ஆசிட் வைத்திருந்தால் 10 சதவீதம் போதும். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இந்தத் தொட்டிக்குள் இரும்பு இடுக்கி, இரும்புக் கம்பி எதுவும் போகக் கூடாது. தொட்டியில் ஏற்கெனவே கரைந்திருக்கும் செம்பு பித்தளை மேல் இளஞ்சிவப்பாகப் படிந்துவிடும். செம்பு இடுக்கியோ பிளாஸ்டிக் இடுக்கியோ வைத்துக்கொள்ளுங்கள். புளி போட்டு விளக்குவதும் ஆக்சைடு எடுக்க நல்ல வழிதான். ஆனால் கூட உப்பு சேர்த்திருந்தால் நன்றாக அலச வேண்டும். மிச்சமிருக்கும் குளோரைடு இரண்டு வாரம் கழித்துப் பச்சைப் புள்ளியாக எழும்பும்.

கண்ணாடி பாலிஷ் மேல் கறுப்பு நிற்காது. பிடிப்புக்கு நுண்ணிய கீறல் வேண்டும். 400 நம்பர் வாட்டர் பேப்பர், அல்லது மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட், அல்லது பியூமிஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து வட்டமாகத் தேய்ப்பது, மூன்றில் ஒன்று. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள் செம்பில் பதிந்து, பிறகு துருப் புள்ளி ஆகும்.

இதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது, நைட்ரைல் கையுறை போடுங்கள். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு காய்ந்து வளையம் போடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர் இந்தப் பேனலுக்குத் தாராளம்.

கந்தகம்:

சுத்தம் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. கறுப்பு உதிர்வதற்குக் காரணம் வேறு. 40 கிராம் என்பது மிக அதிகம், கொதிநீர் என்பது அதைவிடத் தவறு.

அந்தக் கறுப்பு செம்பு சல்ஃபைடு. கரைசல் கடுமையாக இருந்தால் ஒரே நொடியில் தடித்த படலம் உருவாகும். அது அடியில் உள்ள உலோகத்தோடு ஒட்டாமல் மேலே குந்தியிருக்கும், தேய்த்தால் செதில் செதிலாக வரும். கொதிக்கும் தண்ணீரில் மருந்தும் சிதைந்து வீணாகும். லிட்டருக்கு 5 கிராம், 40 முதல் 50 டிகிரி, கை பொறுக்கும் சூடு. கரைசல் வைக்கோல் நிறத்தில், அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்துக்குப் போனால் தண்ணீர் சேருங்கள்.

தகட்டையும் முதலில் வெந்நீரில் நனைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த செம்பில் சூடான மருந்து பட்டால் விளிம்பு ஒரு நிறம், நடு ஒரு நிறம். இவ்வளவு பெரிய பேனலை முக்குவது கடினம், அதனால் ஸ்பிரேயரில் நுண்துளியாக அடித்து, அடித்த கையோடு மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகப் பரப்புங்கள். வழிந்து கோடு விழ விடாதீர்கள், அந்தக் கோடு கடைசி வரை தெரியும். 10 முதல் 20 விநாடியில் நிறங்கள் வரிசையாக வரும்: முதலில் தங்க மஞ்சள், பிறகு ரோஜா, ஊதா, நீலம், அதன் பின் பழுப்பு. ஊதா தாண்டியதும் தண்ணீரில் அலசி, சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் ஈரத்தோடு மெல்லத் தேய்த்துவிடுங்கள். ஒட்டாதது போய்விடும், ஒட்டியது நிற்கும். மறுபடி சுடுநீர், மறுபடி மருந்து, மறுபடி தேய்ப்பு. மூன்று நான்கு சுற்றில் பழுப்புக் கறுப்பு வந்துவிடும், அது துணிக்கு வராது. ஒரே பூச்சில் கறுப்பாக்க நினைக்கும் வரை உங்களுக்கு இந்தக் கரிதான் கிடைக்கும்.

முடிந்ததும் சமையல் சோடா லிட்டருக்கு 50 கிராம் கலந்த தண்ணீரில் அலசினால் வினை நிற்கும். பிறகு நல்ல தண்ணீர்.

மேடுகளைத் திறப்பதற்கு ஒரு வழி. சாம்பல் ஸ்காட்ச் பிரைட்டை விரலால் அழுத்தினால் அது பள்ளத்துக்குள்ளும் இறங்கிவிடும். உள்ளங்கை அகலத் தட்டையான மரக்கட்டையில் அதைச் சுற்றி, கட்டையைத் தகட்டின் மேல் படுக்க வைத்து இழுங்கள். சுத்தியல் தட்டின் முகடுகளை மட்டும் தொடும். ஒவ்வொரு முகட்டிலும் அரிசி அளவு செம்பு திறந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வேலை தேய்ந்துபோன சாமானாகத் தெரியும்.

மருந்துக் கட்டி மஞ்சள் பழுப்பாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. சாம்பல் வெள்ளைப் பொடியாக மாறியிருந்தால் காற்றும் ஈரமும் பட்டுச் செத்துவிட்டது, எவ்வளவு போட்டாலும் பயனில்லை. காற்றுப் புகாத இருட்டுப் புட்டியில் வையுங்கள். கரைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கரைசலும் ஆசிட்டும் சேரவே கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், ஆபத்து அங்கேதான். ஆசிட்டில் எடுத்த தகட்டை நன்றாக அலசி, சோடாத் தண்ணீரில் நனைத்த பிறகே இந்தப் பக்கம் கொண்டு வாருங்கள். வேலை திறந்த வெளியில்.

பித்தளை கறுக்காததற்குக் காரணம் அதிலுள்ள துத்தநாகம். துத்தநாக சல்ஃபைடு வெள்ளை, அதனால் நிறம் எழும்பாது. இரண்டு வழி உண்டு. பட்டறைவாசி தவிர்க்கச் சொன்ன இளஞ்சிவப்புப் படிவை வேண்டுமென்றே வரவழைப்பது ஒன்று: செம்பு கரைந்த பழைய ஆசிட் தொட்டியில், கைப்பிடியை இரும்புக் கம்பியால் சுற்றி இறக்கினால் மெல்லிய செம்புப் படலம் படியும். அலசி, மேலே சொன்ன மருந்துக்குக் கொண்டு போகலாம். ஆனால் படலம் மிக மெல்லியது, நாள் முழுவதும் கை படும் கைப்பிடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றது அம்மோனியாவில் கரைத்த செம்பு கார்பனேட். 250 மி.லி. கடும் அம்மோனியாவில் 120 கிராம் செம்பு கார்பனேட்டைக் கலக்கி, 750 மி.லி. தண்ணீர் சேருங்கள். கருநீலமாக இருக்கும். கரையாமல் கொஞ்சம் அடியில் நிற்க வேண்டும். 80 டிகிரி வரை சூடேற்றி, சுத்தமான கைப்பிடியைச் செம்புக் கம்பியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் நீலக் கறுப்பு ஏறும். பிறகு லிட்டருக்கு 25 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, நிறம் பிடித்துக்கொள்ளும். இது மஞ்சள் பித்தளைக்கான மருந்து, செம்புக்கு வேலை செய்யாது. சூட்டில் அம்மோனியா கண்ணைப் பிடுங்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நின்று, அம்மோனியாவுக்கான வடிகட்டி (கேட்ரிட்ஜ்) போட்ட முகமூடியோடு செய்யுங்கள். துணி மாஸ்க் எதற்கும் உதவாது.

களிம்பு:

பச்சைக்கு வருகிறேன். நியூயார்க் சுதந்திர தேவி சிலை 2.4 மி.மீ. செம்புத் தகடு. 1886ல் திறந்தபோது செம்பு நிறத்தில்தான் நின்றது, முழுப் பச்சையாக 1920 வாக்கில்தான் ஆனது. முப்பது வருடத்துக்கு மேல் மழையும் காற்றும் மெல்ல மெல்லக் கட்டிய செம்பு சல்ஃபேட் படலம், அதனால் கல் போல் பிடித்திருக்கிறது. நாம் ஒரே இரவில் கேட்பது செம்பு குளோரைடும் அசிட்டேட்டும், படிகம் பெரிதாக, தளர்வாக வளரும். அதனால் கொஞ்சம் மாவாகத்தான் இருக்கும். எவ்வளவு மெல்லியதாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நிற்கும்.

வெறும் செம்பில் பச்சை ஏற்றாதீர்கள். கந்தகம் சொன்ன முறையில் பழுப்பு அடி போட்டு, அதன் மேல் ஏற்றுங்கள். பிடிப்பும் கூடும், பச்சை உதிர்ந்த இடத்திலும் பழுப்பு தெரியுமே தவிரப் பளிச்சென்று செம்பு தெரியாது.

நீலம் கலந்த பச்சைக்கு அம்மோனியா ஆவிதான் சிறந்தது. தகடு உள்ளே போகும் அளவு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அல்லது மரச்சட்டத்தில் தடித்த பாலித்தீன் கூடாரம். அடியில் அகலத் தட்டில் 25 சதவீத அம்மோனியா 100 மி.லி. தகடு அதில் படாமல் கட்டைகள் மேல் இருக்கட்டும். 100 மி.லி. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்து, பச்சை வேண்டிய இடத்தில் மட்டும் பனி போல் தெளியுங்கள். துளி திரண்டு ஓடினால் அதிகம். மூடி வைத்து ஆறு மணி நேரத்தில் பார்க்கலாம், ஒரு இரவு போதும். திறக்கும்போது கருநீலமாக, ‘இதுவா கேட்டேன்’ என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அம்மோனியா பறந்து காய்ந்ததும் வெளிர் நீலப் பச்சைக்கு இறங்கும். இரண்டு நாள் தொடாமல் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் உதிர்வதைத் தட்டி எடுத்துவிட்டு, வேண்டுமானால் இன்னொரு மெல்லிய சுற்று.

மூடியின் உள்பக்கம் ஆவி படிந்து சொட்டும். சொட்டு விழுந்த இடம் வட்டமாக வெளுத்துவிடும். மூடியைச் சாய்வாக வைத்தால் சொட்டு ஓரமாக இறங்கிவிடும்.

ஒழுங்கில்லாத, மேகம் மேகமான வடிவம் வேண்டுமென்றால் மரத்தூளை உப்பு, வினிகரில் பிசிறி, பிழிந்து, தகட்டின் மேல் பரப்பி ஒரு நாள் மூடி வையுங்கள். தூள் பட்ட இடமும் படாத இடமும் தனித்தனி நிறமாக வரும். பிரஷ்ஷால் வரைய முடியாத இயல்பு அதில் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த முறை. இதே அம்மோனியாப் பெட்டியில் கைப்பிடிகளையும் போட்டால் அவையும் நிறம் மாறும், ஒரே வேலையாக முடியும்.

உலோகவியல்:

கடைசி வரி வேண்டாம். பித்தளையை இரவு முழுக்க அம்மோனியாவில் வைக்காதீர்கள். 15 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் உள்ள பித்தளையில் உள் இறுக்கம் இருந்தால், அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து அதை விரிசல் விடச் செய்யும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தில் மழைக்காலத்தில் சேமித்து வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவத்தின் பெயரால் ‘சீசன் கிராக்கிங்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அம்மோனியாதான் காரணம் என்று 1921ல் விளக்கம் வெளிவந்தது.

வார்த்தபடியே இருக்கும் கைப்பிடியில் இறுக்கம் குறைவு. வளைத்தது, தட்டியது, ஸ்பின்னிங் (சுழற்றி அழுத்தி வடிவமைப்பது) செய்தது என்றால் அபாயம் உண்டு. அப்படிப்பட்டதை முதலில் 260 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டால் இறுக்கம் இறங்கிவிடும். கந்தகம் சொன்ன செம்பு கார்பனேட் முக்கு சில நிமிட வேலை, உடனே அலசுகிறோம். இரவு முழுக்க ஆவியில் வைப்பது அதுபோல் அல்ல. செம்புப் பேனலுக்கு இந்தக் கவலை இல்லை.

கிளியர் கோட்:

2கே அடித்ததும் பச்சை இருண்டதற்கு மருந்து மாறவில்லை, ஒளிதான் மாறியது. அந்தப் பச்சை வெளிராகத் தெரிவது பொடிகளுக்கு இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால். லேக்கர் அந்த இடைவெளியை நிரப்பியதும் சிதறல் போய்விடும், ஈரமான சுண்ணாம்புச் சுவர் இருண்டு தெரிவதைப் போல. முழுவதும் தவிர்க்க முடியாது, பாதியாகக் குறைக்கலாம். அதற்காகவே பச்சையை வேண்டியதைவிட ஒரு படி வெளிராக விட்டு வையுங்கள்.

கனமான 2கே வேண்டாம். உரிந்தால் தாளாக உரியும், திரும்ப எடுக்கும்போது நிறமும் சேர்ந்து போகும். செம்புக்கென்றே உள்ள அக்ரிலிக் லேக்கர்கள் கிடைக்கின்றன. இன்க்ராலாக் அந்த வகையில் பெயர் பெற்றது, அதில் பென்ஸோட்ரையசோல் என்ற களிம்புத் தடுப்பும் இருக்கிறது. மரச் சாமானுக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் வெயிலில் மஞ்சளாகும், வாசல் பேனலுக்கு ஆகாது.

அடிக்கும் முன் தகட்டை 60, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள், வெயிலில் காய்ந்த ஈரம் போதாது. கைச்சூட்டுக்கு ஆறியதும் 30 செ.மீ. தள்ளி நின்று, துளி விழுமுன் பாதி காய்ந்துவிடும் அளவுக்கு வறண்ட பனியாக முதல் கோட். பச்சை அதில் நனையாமல் பிணையும். பத்து நிமிட இடைவெளியில் இப்படி மூன்று நான்கு மெல்லிய கோட், மேட் (பளபளப்பில்லாத) ரகத்தில். விளிம்பு கூர்மையாக இருந்தால் லேக்கர் அங்கிருந்து விலகி நிற்கும், உரிவது எப்போதும் அங்கேதான் தொடங்கும். லேக்கர் அடிக்கும் முன்பே, நிறம் ஏற்றுவதற்கும் முன்பே, விளிம்பை அரை மி.மீ. மழுக்கிவிடுங்கள். மழை நாளில் அடித்தால் வெள்ளை பூக்கும், தின்னர் பறக்கும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிவதால். மெதுவாகப் பறக்கும் ரிடார்டர் தின்னர் சேர்த்தால் சமாளிக்கலாம், வெயில் நாளுக்குக் காத்திருப்பது மேல்.

கைப்பிடிக்கு லேக்கரே வேண்டாம் என்பேன். மோதிரம் பட்டு ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் வழியாக வியர்வை இறங்கி லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்தாற்போல் கோடுகள் ஓடும். கைப்பிடியை 50 டிகிரிக்குச் சூடாக்கி மெழுகு தேயுங்கள். தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பென்டைன் மூன்று பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கியது, நேரடித் தீயில் அல்ல. ஆறியதும் துணியால் துடையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி. பிடிக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரியத் தொடங்கும், அதுதான் கைப்பிடிக்கு அழகு.

செம்புத்தகடு:

எல்லோருக்கும் நன்றி. ஒரு துண்டுத் தகட்டில் 5 கிராம் அளவில் தொடங்குகிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். பேனல் கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில், கூரை இல்லாத வெளிச்சுவரில் வருகிறது. ஏதாவது மாற்ற வேண்டுமா? இதே மருந்தை வீட்டுக் குத்துவிளக்குக்கும் செம்புத் தண்ணீர்க் குடத்துக்கும் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

களிம்பு:

கடல் காற்றின் குளோரைடு லேக்கரில் எங்கே ஊசித்துளை இருந்தாலும் நுழைந்து தானே பச்சை கட்டும். நாலைந்து வருடத்தில் பேனல் நீங்கள் கொடுத்த நிறத்தில் இருக்காது, பச்சையும் பழுப்பும் இடம் மாறும். அதை முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மேடுகளில் செம்பு மின்ன வேண்டும் என்பது அந்தச் சுவரில் நிலைக்காது. மின்ன வேண்டுமென்றால் பேனலை உள்வாசலுக்கு மாற்றுங்கள். வெளியில்தான் வேண்டும் என்றால் லேக்கர் இல்லாமல் பழுப்பு அடி மட்டும் போட்டு மெழுகு தேய்த்து விட்டுவிடலாம், கடற்காற்று மிச்ச வேலையைச் செய்யும்.

திருகு ஆணிகள் பித்தளை அல்லது 316 ஸ்டெயின்லெஸ். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) திருகு போட்டால் செம்பின் பக்கத்தில் அதன் துத்தநாகம் முதலில் கரையும், அதன் பின் இரும்பு துருவும், ஆணி அறுந்து பேனல் கழன்று விழும். மழை நீர் பேனலில் பட்டு இறங்கும்போது செம்பு உப்பைக் கொண்டுவரும், வெள்ளைச் சுவரில் பச்சைக் கோடு விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. கீழ் விளிம்பை 10 மி.மீ. வெளியே மடித்து, நீர் சுவரைத் தொடாமல் சொட்டும்படி செய்யுங்கள். சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளிக்கு நைலான் வாஷர்.

கந்தகம்:

குடத்துக்குக் கூடாது. தண்ணீர், சாப்பாடு தொடும் எந்தப் பாத்திரத்துக்கும் இந்த மருந்துகளில் ஒன்றும் வேண்டாம், வெளிப்பக்கம் மட்டும் என்றாலும் வேண்டாம். முக்கும்போது உள்ளே போகும், கழுவும்போது கலக்கும். கரையும் செம்பு உப்புகள் வயிற்றுக்கு நஞ்சு.

குத்துவிளக்கின் தண்டு, பீடத்துக்குச் செம்பு கார்பனேட் முறை போடலாம், மேடுகளைத் திறந்துவிட்டால் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். எண்ணெய் நிற்கும் அகலுக்கும் திரி வரும் முகங்களுக்கும் போடாதீர்கள், அங்கே லேக்கரும் வேண்டாம், தீச் சூட்டில் கருகிக் கொப்பளிக்கும். கடையில் வாங்கிய விளக்கு என்றால் ஏற்கெனவே லேக்கர் அடித்திருப்பார்கள். அசிடோன் நனைத்த பஞ்சால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பிசுபிசுத்தால் முழுவதும் எடுத்த பிறகே மருந்துக்குப் போக வேண்டும்.